ஹோல்டு போடாத ராத்திரி

கலாமோட 'அக்னிச் சிறகுகள்' 1999-ல் வந்தது. குடியரசுத் தலைவரானது 2002-ல். ஆக, ராக்கெட் கூடத்திலிருந்து ராஷ்டிரபதி பவனுக்குப் போன கதையின் கடைசிப் பகுதி அதில் கிடையாது. அதுக்கு 2012-ல் வந்த 'டர்னிங் பாயிண்ட்ஸ்' படிக்கணும். ரெண்டையும் அடுத்தடுத்துப் படிச்சா ஒரு விஷயம் உறுத்துது.

முதல் புத்தகத்தின் உச்சம், என்னைக் கேட்டால், எஸ்.எல்.வி-3 தோல்வி. 1979 ஆகஸ்ட் 10, ஸ்ரீஹரிகோட்டா. 317 விநாடியில் கதை முடிஞ்சு ராக்கெட் கடலில் விழுந்தது. எங்க மரக்காணம் உப்பளத்துல திடீர் மழை பெய்து பாத்தி உப்பு கரைஞ்சா, 'மழை'ன்னு சொல்லி முடிச்சுக்கலாம். இங்கே அப்படி முடிக்கலை. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு, அதில் ஒரு வால்வு, மாசு சிக்கி அது மூடாமல் போனது, அதனால் கசிந்த நைட்ரிக் அமிலம் என்று விசாரணை அடிவரைக்கும் போகுது. கவுண்ட்டவுனிலேயே கசிவு தெரிஞ்சது, நான்தான் ஏவுதலை நிறுத்தி வெச்சிருக்கணும்னு கலாமே கூட்டத்தில் எழுந்து ஒத்துக்கறார். சாஃப்ட்வேர்ல நாங்க எழுதுற போஸ்ட்மார்ட்டம் பலதும் இதுக்குப் பக்கத்துல வராது.

இப்போ இரண்டாவது புத்தகம். 2005 மே 22, நள்ளிரவு. கலாம் மாஸ்கோவில். பீகார் சட்டமன்றத்தைக் கலைக்க அமைச்சரவைப் பரிந்துரை வருது, கையெழுத்துப் போடுறார். அந்தக் கலைப்பு அரசியல் சாசனத்துக்கு முரணானதுன்னு பிறகு உச்ச நீதிமன்றம் சொன்னது. ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்ததையும், பிரதமர் கேட்டுக்கொண்டதால் கைவிட்டதையும் விவரிக்கிறார். மனசாட்சி தெரியுது, சரி. வால்வு எங்கே? டெல்லி திரும்பும்வரை காத்திருந்தா என்ன கெட்டுப்போயிருக்கும்? ஆளுநர் அறிக்கையைச் சரிபார்க்க என்ன வழி இருந்தது? முடிவு ஏற்கெனவே எடுத்தாச்சு என்கிற தொனியிலேயே அந்தப் பகுதி நகர்ந்துடுது.

"அமைச்சரவை சொன்னா போட்டுத்தானே ஆகணும்?" பாதி உண்மை. 74-வது பிரிவுப்படி ஒரே ஒரு முறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். திரும்ப வந்தால்தான் வேறு வழியில்லை. ஏவுதளத்து ஹோல்டு பட்டன் மாதிரிதான் அது.

அந்த மாதிரி ஒரு பட்டன் இருக்குன்னு அவருக்குத் தெரியாமலில்லை. சரியா ஒரு வருஷம் கழிச்சு, 2006 மே மாசம், ஆதாயப் பதவி மசோதாவை நாடாளுமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார். அவங்க மாத்தாமல் மறுபடி அனுப்ப, ஆகஸ்டில் கையெழுத்திட்டார். நடுவுல அந்த ஒரு வருஷத்துல அவருக்குள்ள என்ன மாறிச்சுன்னுதான் புத்தகத்துல தேடினேன். ரெண்டு சம்பவமும் ஒண்ணோடொண்ணு பேசிக்காமல் தனித்தனியா நிக்குது.