குண்டு விழுந்த மறுநாள் காலை

1940 செப்டம்பரில் லண்டன் மீது ஜெர்மானிய விமானங்கள் இரவுதோறும் குண்டு பொழிந்த கதையில், பச்சைச் சீருடைப் பெண்கள் தேநீர் ஊற்றும் காட்சி தவறாமல் இடம்பெறும். 1938இல் லேடி ரீடிங் தொடங்கிய பெண்கள் தன்னார்வச் சேவை அந்தப் புகழுக்கு உரியதுதான். நடமாடும் உணவுவண்டி, உடை விநியோகம், வீடிழந்தோருக்கு வழிகாட்டல் எனக் கோப்பு நகரும்வரை காத்திருக்க முடியாத வேலைகளை அது செய்தது. ஆனால் அந்தத் தேநீர் அரசின் திட்டக் குறையை மறைக்கவும் பயன்பட்டது என்பதே என் வாதம். போருக்கு முன் அதிகாரிகள் பிணங்களையும் காயம்பட்டவர்களையும் கணக்கிட்டார்கள். உயிர் தப்பி, வீடு மட்டும் போனவர்களைப் பெரிதாக எண்ணவில்லை. பள்ளிக்கூடங்களில் திறந்த தங்குமிடங்கள் சில மணி நேரத்துக்கென்றே அமைந்தவை. ஏழைகள் நிவாரணச் சட்டத்தின் கஞ்சத்தனம் அவற்றில் படிந்திருந்தது. கிழக்கு லண்டனில் கேனிங் டவுனின் சவுத் ஹால்ஸ்வில் பள்ளியில், தங்களை வேறிடம் கொண்டுசெல்லும் பஸ்ஸுக்காகக் காத்திருந்த குடும்பங்கள் மீது செப்டம்பர் 10 அன்று குண்டு விழுந்தது. அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 77 பேர். அப்பகுதி மக்கள் அதை இன்றுவரை ஏற்கவில்லை. பஸ்ஸை வரவழைக்கும் அதிகாரம் எந்தத் தன்னார்வலரிடமும் இருக்கவில்லை.

இத்தகைய தாக்குதலை யார்தான் முன்கூட்டி அறிந்திருக்க முடியும் என்று கேட்கலாம். ஸ்பெயினில் குண்டுவீச்சை நேரில் கண்ட விஞ்ஞானி ஹால்டேன், ஆழமான பதுங்கிடங்கள் வேண்டுமென்று 1938இலேயே எழுதினார். அரசு இணங்கவில்லை, சுரங்க ரயில் நிலையங்களில் தங்கவும் முதலில் தடை விதித்தது. மக்கள் பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய் அங்கேயே படுத்துவிட்டார்கள். 1940 செப்டம்பர் இறுதியில் ஓரிரவு அங்கே உறங்கியவர்கள் சுமார் 1,77,000 பேர். படுக்கை அடுக்கு, கழிப்பறை, உணவகம் எல்லாம் அதற்குப் பிறகே வந்தன. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பதுங்கிடத்தில் மிக்கி டேவிஸ் என்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் தலைமையில் மக்களே குழு அமைத்து ஒழுங்கை நிலைநாட்டினார்கள். உதவி வழங்கிய அமைப்புகளைவிட உரிமை கேட்ட இந்தக் கூட்டம்தான் அரசை அதிகம் அசைத்தது என்பேன்.

அரசு கையிலெடுத்தால் பரிவு போய்விடும் என்ற அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. வரிசையும் படிவமும் யாரையும் தேற்றாது. ஆனால், வீடிழந்தோருக்கெனத் தனி ஆணையராக ஹென்றி வில்லிங்க் நியமிக்கப்பட்ட பின் தங்குமிடங்கள் சீரானபோது தன்னார்வலர்கள் வெளியேறிவிடவில்லை. பொறுப்பு அரசிடம் போனதால் அவர்களுக்கு ஆட்களைக் கவனிக்க நேரம் கிடைத்தது. சம்பளமின்றிப் பகற்பொழுதைத் தர முடிந்தவர்கள் பெரும்பாலும் நடுத்தர வர்க்கத்துப் பெண்கள்; குண்டு அதிகம் விழுந்ததோ துறைமுகத் தொழிலாளர்கள் நெருக்கமாக வாழ்ந்த கிழக்கு லண்டனில். எங்கே ஓய்வு இருந்ததோ அங்கே சேவை மலிவதும், எங்கே இடிபாடு இருந்ததோ அங்கே அது அரிதாவதும் நல்ல மனத்தால் மட்டும் திருத்தக்கூடிய குறை அல்ல.