இன்னும் ஒரே ஒரு வாய்

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு ஏழரைக்கு ஆரம்பித்தால் எட்டே முக்காலுக்கு முடியும். சாப்பிடுகிறவள் ஒருத்தி, வயது மூன்றரை. ஊட்டுவதற்கு முறைவைத்து இரண்டு பேர், என் அம்மாவும் மனைவியும். வேடிக்கை காட்ட ஒருவர், அது நான். கிண்ணத்தில் இருப்பது ஒரு கைப்பிடி பருப்பு சாதம். முதல் ஐந்து வாய் கூடத்தில் உட்கார்ந்தபடி இறங்கிவிடும். ஆறாவது வாய்க்கு ஆள் கட்டிலுக்கு அடியில் இருப்பாள். ஒன்பதாவது வாய் மொட்டைமாடிப் படியில். அதற்குமேல் வாங்கியதை விழுங்காமல் கன்னத்தில் அதக்கிக்கொண்டு, நாக்கை மட்டும் நீட்டி "ஆச்சு" என்று காட்டுகிற வித்தையும் அவளுக்குக் கைவந்துவிட்டது.

பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது நமக்கு ஒரு வேலையே இல்லை, பாசத்தின் இன்னொரு பெயர். அதனாலேயே அதைத் தராசில் வைக்க யாருக்கும் மனசு வருவதில்லை. எனக்கும் வந்திருக்காது. பல் மருத்துவர் ஒருவர் மகளின் கடைவாய்ப் பல்லைப் பார்த்துவிட்டு, "சோத்த ரொம்ப நேரம் வாயிலயே வச்சிருப்பாளா?" என்று கேட்ட பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், அது நிறையவே இருக்கிறது. அம்மா சோறு பிசைவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும். ஆவி அடங்குகிறவரை விரல் நுனியால் கிளறுகிறார். கறிவேப்பிலை, கடுகு, வற்றல் மிளகாய் எல்லாம் பெருவிரல் பட்டதும் ஓரம் போய்விடுகின்றன. மீன் என்றால் முள் கண்ணுக்குப் படுவதற்கு முன் விரலுக்குப் பட்டுவிடும். கரண்டியால் இது எதுவும் நடக்காது. பிசையும்போதே கதையும் தொடங்கிவிடுகிறது. எங்கள் மகளுக்கு 'பதுங்கி', 'சறுக்கி', 'மடமடவென்று' போன்ற சொற்கள் எல்லாம் கிண்ணத்தோடு வந்தவை.

உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு எப்படி ஊட்ட வேண்டும் என்று சொல்லும்போது, ஏறக்குறைய நம் பாட்டிமாரைப் பார்த்து எழுதியது போலவே எழுதியிருக்கிறது. பொறுமையாக ஊட்டு, கண்ணைப் பார்த்துப் பேசு, சாப்பாட்டு நேரத்தை அன்பும் கற்றலுமாக ஆக்கு. இதுவரை நமக்கு நூற்றுக்கு நூறு. அதே பட்டியலில் இன்னும் இரண்டு உண்டு: வற்புறுத்தாதே, கவனத்தைத் திருப்பும் சங்கதிகளைக் குறை. அந்த இரண்டிலும் நமக்குச் சுத்தமாக முட்டை. ஊட்டுகிற பழக்கத்தின் சிறப்பு மடியிலும் பேச்சிலும் இருக்கிறது, கோளாறு 'இன்னும் ஒரே ஒரு வாய்' என்பதில் இருக்கிறது என்பதுதான் என் கணிப்பு.

ஒரு விஷயம் கவனித்தேன். பிள்ளையும் சோறும் என்றதும் தமிழில் நினைவுக்கு வருகிறவை இரண்டு. ஒன்று திருக்குறளின் 'மக்கட்பேறு' அதிகாரத்துக் கூழ், மற்றொன்று பாண்டியன் அறிவுடைநம்பியின் புறநானூற்று 188ஆம் பாட்டு. இரண்டிலும் யாரும் யாருக்கும் ஊட்டவில்லை! கூழில் கையை விட்டு அளைவது குழந்தை. நெய்ச்சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் அப்பிக்கொள்வதும் குழந்தை. பெரியவர்கள் பார்த்து மயங்குகிறார்கள், அவ்வளவே. சாப்பாட்டுக்கு நிலாவைக் காட்டுகிறோமே, அந்த நிலாவைப் பிள்ளைத்தமிழின் அம்புலிப் பருவத்தில் அழைப்பதுகூடக் குழந்தையோடு விளையாட வரச் சொல்லித்தான். மூன்றரை வயதுப் பிள்ளை தன் கையால் தின்னக் கூடாது என்று எந்தப் புலவரும் சொல்லவில்லை. அதைச் சொன்னது நம் வீட்டுத் தரை, துடைக்க வேண்டியிருக்கிறதே!

சரி, 'ஒரே ஒரு வாய்' எங்கிருந்து வருகிறது? பிள்ளை முன்பு நன்றாகச் சாப்பிட்டது, இப்போது சாப்பிடுவதில்லை என்ற பயத்திலிருந்து. இந்தப் பயத்துக்குக் காரணமான கணக்கு எளிமையானது. மூன்று கிலோவில் பிறக்கிற குழந்தை முதல் வருடம் முடியும்போது ஒன்பது கிலோவை ஒட்டி வந்துவிடுகிறது. இரண்டு வயதுக்குமேல் வருடத்துக்கு இரண்டு கிலோ ஏறினாலே சரியான வளர்ச்சி. வளர்கிற வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்? ஆனால் நாமோ டானிக் கேட்டு டாக்டரிடம் போகிறோம். அல்லது உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுகிறோம். இரண்டில் மிளகாய் செலவு குறைவு.

வற்புறுத்தினால் அதிகம் இறங்குமா என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2006-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பள்ளிக்குப் போகாத வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டு வகை சூப் கொடுத்தார்கள். ஒன்றைக் கொடுக்கும்போது 'முடி, முடி' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மற்றொன்றுக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட சூப்தான் அதிகம் உள்ளே போனது. வற்புறுத்திய சூப்பைப் பற்றிப் பிள்ளைகள் குறையாகச் சொல்லித் தீர்த்தார்கள். நம் வீட்டில் கீரை வாங்கிக் கட்டிக்கொள்கிற திட்டுக்கும் இதுதான் காரணமாக இருக்கலாம்.

இதைப் படித்த வேகத்தில், "எவ்வளவு சாப்பிடுவது என்பது அவள் இஷ்டம்" என்று வீட்டில் அறிவித்தேன். அம்மா ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வையிலும் நியாயம் இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லாதது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை ஏன் கொண்டுவந்தார் என்று அம்மாவுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அவர் தலைமுறையில் பிள்ளை மெலிந்தால் அடுத்து வருகிற காய்ச்சலைத் தாங்குமா என்பதே கேள்வி. ஒரு வாய் கூடுதலாக ஊட்டியது அதற்கான காப்பு. காரணம் ஓரளவு போய்விட்டது, கை மட்டும் பழக்கத்தில் நீள்கிறது.

அதோடு 'பிள்ளை இஷ்டம்' என்பதிலும் ஓட்டை உண்டு. அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் பதினைந்து குழந்தைகளைத் தாங்களே எடுத்துத் தின்ன விட்டார். நன்றாகவே வளர்ந்தன என்று 1939-ல் எழுதினார். ஆனால் அவர் வைத்த பட்டியலில் இருந்தவை முப்பத்து நான்கு வகை, அத்தனையும் பால், முட்டை, இறைச்சி, காய், பழம், தானியம் என்று நேரான உணவு. சூட்சுமமே அந்தப் பட்டியல்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். தெருமுனைக் கடையில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் சரமாகத் தொங்குகிற ஊரில், கண்ணை மூடிக்கொண்டு இஷ்டத்துக்கு விட முடியாது.

வாயைத் திறக்கவைக்க நாம் பயம் காட்டக் கூப்பிடுகிற பூச்சாண்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர் ஆகியோர் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பிறகு தடுப்பூசிக்குக் கூட்டிப்போகிற அன்று வீட்டில் யார் அழுவது என்று பார்த்தால் போதும்.

செல்போன் வந்ததும் நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. முதல் நாள் அதைக் கொடுத்தது நான்தான். பதினொரு நிமிடத்தில் கிண்ணம் காலி. வீடே எனக்கு மரியாதை செய்தது. இரண்டாவது வாரம் அம்மா ஊட்டிக்கொண்டிருந்ததை எதிரே உட்கார்ந்து பார்த்தேன். கை அருகில் வந்தால் வாய் தானாகத் திறக்கிறது. கண் திரையை விட்டு அசையவில்லை. பருப்பு சாதமா ரசம் சாதமா என்று கேட்டேன், அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவும் பேசவில்லை, பேசினால் பாட்டு கேட்காது. ஊட்டலில் எது நல்லதோ, அந்தப் பேச்சும் பார்வையும் போயிருந்தன. எது கெட்டதோ, போதும் என்ற பிறகும் உள்ளே தள்ளுவது, அது மட்டும் பிசிறில்லாமல் நடந்துகொண்டிருந்தது. இரண்டு முதல் ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் திரை வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சொல்கிறது. மூன்று வேளையும் அரை மணி வைத்தாலே அந்த எல்லை தாண்டிவிடுகிறது, விளையாட்டுக்கு ஒரு நிமிடம்கூடப் பாக்கியில்லை.

எங்கள் தெருவில் அங்கன்வாடி ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டுப் பையன், வீட்டில் அவன் அம்மாவைத் தெருமுனை வரை ஓடவைக்கிறவன், அங்கே வரிசையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சாம்பார் சாதத்தைத் தானே அள்ளித் தின்பதைப் பார்த்தேன். பாதி தரையில்தான். ஆயாவுக்கு இத்தனை பேருக்கும் ஊட்ட இரண்டு கை போதாது, அதனால் யாருக்கும் ஊட்டுவதில்லை. பக்கத்தில் இருப்பவன் முட்டையை எடுத்தால் இவனும் எடுக்கிறான். வசதிக் குறைவு கற்றுக்கொடுத்ததை வசதியான வீடு தடுத்துக்கொண்டிருக்கிறது.

இதில் யாரும் பேசாத ஒரு கணக்கும் உண்டு. மூன்று வேளை, வேளைக்கு முக்கால் மணி என்று வைத்துக்கொண்டால் என் மனைவிக்கும் அம்மாவுக்கும் சேர்த்து நாளில் இரண்டேகால் மணி நேரம் போகிறது. மிஞ்சிய ஆறிப்போன சோற்றை, நின்றுகொண்டே, பாத்திரம் கழுவும் இடத்தில் வாயில் போட்டுக்கொள்வதும் அவர்கள்தான். ஊட்டுவது பாசம் என்று எழுதுகிற ஆண்கள், என்னையும் சேர்த்து, பெரும்பாலும் வேடிக்கை காட்டியவர்கள்.

போன மாதம் போனை அலமாரிமேல் வைத்தோம். மூவரும் அவளோடு சேர்ந்து கீழே உட்கார்ந்து சாப்பிடுவது, அவள் தட்டு அவள் பாடு, கதை மட்டும் உண்டு என்று ஏற்பாடு. முதல் மூன்று நாள் இரவு நாலு வாய்க்குமேல் போகவில்லை. அம்மா என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். எறும்புகளுக்கு அந்த வாரம் விருந்து. எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ரசம் சாதம். முழங்கை வரை ஒழுக, தட்டைக் காலி செய்துவிட்டாள். கதையில் நரி அப்போதுதான் கிணற்றுக்குள் விழுந்திருந்தது. அம்மா வழக்கம்போல அங்கேயே நிறுத்திவிட்டுக் கை கழுவ எழுந்தார். மகள் தட்டை நீட்டினாள்.

"ஆச்சி, இன்னும் ஒரே ஒரு வாய்."

பசிக்குக் கேட்டாளா, நரிக்காகக் கேட்டாளா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அம்மா ஒரு கரண்டி போட்டுவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்.