எதை விடுவது?

பாரிஸிலுள்ள லூவ்ர் மியூசியத்தில் பார்வைக்கு வைத்திருக்கும் கலைப் பொருள்கள் சுமார் 35,000. ஒன்றுக்கு ஒரு நிமிஷம் என்றாலும், இரவு பகலாக நின்று பார்க்க இருபத்து நான்கு நாட்களுக்கு மேல் ஆகும். ஆகவே, முதல் தடவை போகிறவர் எதை விடுவது என்று முதலில் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

'மோனா லிஸா'வை விடலாம் என்பது என் அபிப்பிராயம். உயரம் 77 சென்டிமீட்டர்தான்; முன்னால் கண்ணாடி, அதற்கு முன்னால் கும்பல். பார்த்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம், பார்த்ததாகாது.

அதே கூடத்தின் எதிர்ச் சுவரில், வெரோனீஸ் 1563-ல் முடித்த 'கானாவூர்க் கல்யாணம்' இருக்கிறது. அகலம் ஏறக்குறையப் பத்து மீட்டர். ஏசுநாதர் தண்ணீரைத் திராட்சை ரசமாக்கிய விருந்து அது. பந்தியில் அநேகர் தங்கள் பேச்சிலேயே இருக்கிறார்கள். அற்புதம் நடந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. வலப்பக்கம் ஒருவன் மட்டும் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஒரு சிறுகதைக்கு வேண்டியது அவன் முகத்திலேயே இருக்கிறது. கூட்டமோ அவனுக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. முதலில் நானும் அப்படி நின்றவன்தான்.

இரண்டு மூன்று படங்கள் போதும்; அவற்றின் முன் சாவகாசமாக நில்லுங்கள். மற்றதைப் பார்க்கவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். வாசகசாலைக்குப் போனால் எல்லாப் புத்தகத்தையுமா படித்துவிட்டு வருகிறோம்?