இருபத்து நான்கின் கணக்கு

தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917இல் வெளியிட்ட ‘கருணாமிர்த சாகரம்’ அரும்பெரும் ஆய்வு என்பதில் ஐயமில்லை. ஆயினும் சார்ங்கதேவரின் 22 சுருதிகளை மறுத்து, ஸ்தாயியை 24 சமபாகங்களாக்கிய அவரது முடிவை அப்படியே ஏற்பதற்கில்லை. பன்னிரு இராசி வட்டத்தை இரட்டித்தால் 24 கிடைக்கும். அது கணக்கின் அழகு. லெபனானின் மீகாயீல் மிஷாகா (1800–1888) விளக்கிய அரபிசையின் 24 கால்சுரங்களும் அத்தகையனவே. 1932இல் கெய்ரோ இசை மாநாட்டு அறிஞர்கள் அவற்றின் சம அளவை ஒருமனதாக ஏற்கவில்லை.

அல்ஃபாராபியோ (மறைவு: ஹிஜ்ரி 339) பக்தாது தன்பூரின் மெட்டுகளையும் குராசான் தன்பூரின் மெட்டுகளையும் தனித்தனியே அளந்தெழுதினார், ஒன்றை மற்றொன்றுக்காகத் திருத்தவில்லை. எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து நாகசுரக் கலைஞர் சீவாளியை உதட்டால் அழுத்தியும் தளர்த்தியும் ஒரே துளையில் பல சுருதிகளை எழுப்புகிறார். தோடியில் அவர் அசைக்கும் காந்தாரத்தை 24 வீடுகளில் எதனுள் அடைப்பது?