தேவி கேட்ட வரம்

பள்ளி திறக்கும் நாள் காலையில், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வீட்டுப் பூஜை அலமாரியின் முன்னால் கை கூப்புகிறாள். சாமியிடம் அவள் கேட்பவை மூன்று. பள்ளியின் பிரபலமான பிள்ளைகள் கூடும் பார்ட்டிக்குத் தன்னையும் கூப்பிட வேண்டும். அங்கே யாராவது போதைப்பொருளை நீட்ட வேண்டும், அதைத் தான் ‘எனக்கு வேண்டாம்’ என்று கெத்தாக மறுக்க வேண்டும். கையில் அடர்ந்திருக்கும் ரோமம் குறைய வேண்டும். கடைசியாக, ஒரு பாய்ஃபிரண்ட். தன்னைப்போல் மார்க் வாங்கும் பையன் போதாது. விளையாட்டு வீரனாக, பார்த்தால் கண் எடுக்க முடியாதவனாக இருக்க வேண்டும்.

‘நெவர் ஹேவ் ஐ எவர்’ தொடரின் முதல் நிமிடங்கள் இவை. அந்த முதல் வரத்தில் நான் சொக்கிப்போனேன். கற்பனையில்கூட அவள் போதைப்பொருளைத் தொடுவதில்லை. மறுக்கும் வாய்ப்பை மட்டும் கேட்கிறாள். ஒழுக்கமாக வளர்க்கப்பட்ட பிள்ளை ஊர் சுற்ற ஆசைப்பட்டால் இப்படித்தான் ஆசைப்படும். அம்மாவின் வளர்ப்பு, பிள்ளையின் ஏக்கம் இரண்டையும் ஒரே வேண்டுதலுக்குள் வைத்துவிட்டார்கள். கை ரோமத்தைப் பற்றிய வேண்டுதல் அதற்கும் மேல். தி. நகரிலும் அடையாறிலும் அழகு நிலையத்து நாற்காலியில் முழங்கையை நீட்டி உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பெண் பிள்ளைகளின் மனசு அதில் இருக்கிறது. தொலைக்காட்சியில் அதை இவ்வளவு வெளிப்படையாக ஒரு பெண் சாமியிடம் சொல்லி நான் பார்த்ததில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: தேவி விஸ்வகுமார், கலிபோர்னியாவில் வளரும் தமிழ்ப் பெண். அப்பா மோகன் இறந்துவிட்டார். அம்மா நளினி தோல் மருத்துவர். ஆராய்ச்சிப் படிப்பு படிக்கும் கமலா அக்கா கூடவே தங்கியிருக்கிறாள். தோழிகள் இரண்டு பேர், எலினோர், ஃபேபியோலா. தொடரை உருவாக்கியவர்கள் மிண்டி கேலிங், லாங் ஃபிஷர். மிண்டியின் அப்பா சொக்கலிங்கம் சென்னையில் வளர்ந்த தமிழர். தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன், இலங்கையிலிருந்து கனடாவுக்குப் போன ஈழத்தமிழ்க் குடும்பத்துப் பெண்; சுமார் 15,000 பேர் விண்ணப்பித்த திறந்த தேர்வில் தேர்வானவர். அதற்கு முன்னால் அவர் கேமரா முன் தொழில்முறையாக நின்றதில்லை. நெட்ஃபிளிக்ஸில் 2020 ஏப்ரல் 27 அன்று வந்து, 2023 ஜூனில் நான்காவது பருவத்தோடு முடிந்தது. மொத்தம் 40 பகுதிகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைமணி.

அந்த ஏப்ரலை நினைத்துப் பாருங்கள். ஊரடங்கு. மயிலாப்பூர் மாட வீதிகள் வெறிச்சோடிக் கிடந்தன. பள்ளிகள் மூடிக் கிடந்தன. ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகளின் கையில் அம்மாவின் போன். ஹாலில் ஒரே டிவி. அதன் முன்னால் பாட்டியும் பேத்தியும். “டேட்டிங்னு வருதே, பத்தாவது படிக்கிற பொண்ணு இதைப் பார்க்கலாமா?” என்ற கேள்வி அப்போது பல வீடுகளில் எழுந்தது. இன்றும் எழுகிறது. நியாயமான கேள்விதான். கிரேஸி மோகன் நாடகங்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. அவருடைய மாதுவும் ஜானகியும் மூன்று தலைமுறையை ஒரே வரிசையில் உட்கார வைத்துச் சிரிக்க வைத்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கக் கூச வேண்டியிருக்கவில்லை. பள்ளிக்கூட நட்பும் காதலும் நமக்குப் புதிதும் இல்லை. 2006-இல் விஜய் டிவியில் ‘கனா காணும் காலங்கள்’ தொடங்கியபோது அதைச் சீருடையோடு உட்கார்ந்து பார்த்தவர்கள் இன்று பிள்ளை பெற்றவர்கள். கேள்வி கேட்பதும் அவர்கள்தான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று, பதினான்கு வயதுக்கு மேல் பார்க்கலாம். பெரியவர் ஒருவர் அதே அறையில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே வேண்டாம். கெட்ட வார்த்தை வரும், உடலுறவு பற்றிய பேச்சு ஒளிவுமறைவில்லாமல் வரும். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகள் இணையவழித் தொடர்களை யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று ஐந்தாகப் பிரிக்கின்றன. 13+ முதல் பெற்றோர் பூட்டு வசதி கட்டாயம். அந்த எண் திரையின் மூலையில் வரும், பயனுள்ளதுதான். ஆனால் பேச்சு எவ்வளவு பச்சை என்பதை மட்டுமே அது சொல்லும். அந்தப் பேச்சு எந்த வலியிலிருந்து வருகிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும்.

பள்ளி இசைக் கச்சேரியில் தேவி ஹார்ப் வாசித்துக்கொண்டிருக்கும்போது, பார்வையாளர் வரிசையில் இருந்த அப்பா மாரடைப்பில் சாய்கிறார். அதன்பின் அவள் கால்கள் செயலிழந்துபோகின்றன. மூன்று மாதம் சக்கர நாற்காலி. மருத்துவக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. ஒருநாள் கடை வாசலில் பாக்ஸ்டன் என்ற அழகான பையன் போகிறான். அவனை இன்னும் நன்றாகப் பார்க்க எழும்பியவள், தான் நின்றுகொண்டிருப்பதை அப்புறம்தான் உணர்கிறாள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் கதையின் முதுகெலும்பே அந்த நொடி. துக்கம் உட்கார வைத்த உடம்பை ஓர் ஆசை எழுப்பியிருக்கிறது. அப்பாவைப் பற்றி அழ முடியாத பெண், பையனைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள். மனநல ஆலோசகர் டாக்டர் ரயன் ஒவ்வொரு சந்திப்பிலும் அப்பா பக்கம் பேச்சைத் திருப்ப, இவள் பாக்ஸ்டன் பக்கம் ஓடுகிறாள். பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபடுகிறது. நாம் விளக்க வேண்டியதில்லை.

முதல் பகுதியிலேயே தேவி நேராகப் போய்ப் பாக்ஸ்டனிடம் தன்னோடு உறவுகொள்ளக் கேட்கிறாள், அவனும் சரி என்கிறான். பெற்றோர் ரிமோட்டைத் தேடும் இடம் இதுதான். அணைக்காதீர்கள். அடுத்து வருவதில்தான் நுட்பம். வாயால் அவ்வளவு துணிச்சல் காட்டியவளுக்கு, அவன் வீட்டுக்குப் போனதும் பயம் பிடித்துக்கொள்கிறது, திரும்பி வந்துவிடுகிறாள். ஆனால் தோழிகளிடம் நடந்ததுபோலக் காட்டிக்கொள்கிறாள். அந்தப் பொய்யைக் காப்பாற்றும் அவசரத்தில் தோழிகளின் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்பதே அவள் கண்ணில் படுவதில்லை. எலினோருடைய அம்மா மகளை ஏமாற்றியிருக்கிறாள், எலினோர் உடைந்துபோயிருக்கிறாள். ஃபேபியோலாவுக்குத் தன் மனம் பெண்களை நோக்கிப் போவது தெரிந்துவிட்டது, சொல்ல ஆளில்லை. தான் கட்டிய ரோபோவிடம் முதலில் சொல்லிப் பார்க்கிறாள். உலோகத்தின் முன்னால் நின்று ஒத்திகை பார்க்கும் அந்தப் பெண்ணைத் தொடர் கேலி செய்யவில்லை. நட்பு என்றால் என்ன என்று பத்துப் பாடம் எடுக்கலாம். ரோபோவிடம் போக வேண்டிவந்ததே, தேவி எங்கே போயிருந்தாள் என்ற கேள்வி அதைவிட ஆழமாக இறங்குகிறது.

கதை சொல்லும் குரல் ஜான் மெக்கன்ரோ. அமெரிக்க டென்னிஸ்காரர், ராக்கெட்டை உடைத்த கோபக்காரர். தேவியின் கோபத்துக்கு அந்தக் குரல் பொருந்துவதை விளையாட்டு தெரிந்தவர்கள் ரசிப்பார்கள். சென்னைக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு சந்தோஷம்: மெக்கன்ரோ உச்சத்தில் இருந்த 1984-இல் சின்சினாட்டியில் அவரை வீழ்த்தியவர் நம் விஜய் அமிர்தராஜ். அப்பாக்கள் டென்னிஸ் பார்க்கும் வீடுகளை மிண்டி நன்றாக அறிந்திருக்கிறார். முதல் பருவத்தின் ஆறாவது பகுதியில் மட்டும் குரல் மாறுகிறது. அது தேவியின் போட்டியாளன் பென்னின் கதை. பணக்கார வீடு, எப்போதும் ஊரில் இல்லாத பெற்றோர். முகப்பருவுக்கு மருந்து கேட்டு நளினியிடம் வருகிறான், சிகிச்சைக்கு நடுவில் அழுதுவிடுகிறான். நளினி அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். மகளிடம் கண்டிப்பே உருவான அந்த அம்மா, அடுத்த வீட்டுப் பிள்ளையின் பசியை ஒரு பார்வையில் கண்டுகொள்கிறாள். மயிலாப்பூர் மாமிகளை அறிந்த யாருக்கும் அந்தக் காட்சியில் தொண்டை அடைக்கும்.

நம் ஊர்க் கண்ணுக்கு உறுத்தும் இடங்களும் உண்டு. பள்ளிக்கூடத்தில் கூட்டமாக நடக்கும் கணேஷ் பூஜை, பாலிவுட் நடனம் எல்லாம் தமிழ் வீட்டு வழக்கத்திலிருந்து தள்ளியே இருக்கின்றன. தெற்கு மாட வீதியில் களிமண் பிள்ளையாரும் வண்ணக் குடையும் எருக்கம்பூ மாலையும் வாங்கி வீட்டு மணையில் வைப்பதுதான் நமக்குப் பிள்ளையார் சதுர்த்தி. ‘இந்தியா’ என்ற ஒரே பெட்டிக்குள் எல்லாவற்றையும் போட்டுவிட்ட அவசரம் அங்கே தெரிகிறது. ஆனாலும் அதே பகுதியில் நான் விரும்பும் சந்திப்பு ஒன்று இருக்கிறது. ஹரிஷ் என்ற பையன். முன்பெல்லாம் தேவியோடு சேர்ந்து இந்தச் சடங்குகளைக் கிண்டல் செய்தவன். கல்லூரிக்குப் போய்த் திரும்பியவன் இப்போது மனசோடு வந்து நிற்கிறான். கூட்டாளி கட்சி மாறிவிட்டதைப் பார்த்துத் தேவிக்குக் கோபம் வருகிறது, கோபத்துக்கு அடியில் தனிமை. இன்னொரு காட்சியில், முஸ்லிமை மணந்து பின் விவாகரத்தான பெண்ணைச் சுற்றியிருப்பவர்கள் ஒதுக்குகிறார்கள். அவள் கமலாவிடம் தான் செய்ததற்கு வருந்துவதாகச் சொல்கிறாள். இதை நான் ஏற்கவில்லை. ஒதுக்கியவர்களைக் கேள்வி கேட்காமல் ஒதுக்கப்பட்டவளை வருந்த வைப்பது தவறு. கூட இருக்கும் பெரியவர் வாய் திறக்க வேண்டிய இடம் இது.

ஆங்கிலம் ஓடிக்கொண்டிருக்கும் தேவியின் வீட்டில், மகளை அதட்டிய சூடு ஆறுவதற்குள் ‘கண்ணா’ என்பார்கள். அந்த ஒன்றுக்காகவே கணேஷ் பூஜையை மன்னிக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

முதல் பருவம் முடியும் இடத்தை எத்தனை முறை பார்த்தாலும் அலுக்கவில்லை. தன்னை அம்மாவுக்குப் பிடிக்காது என்று நினைக்கும் மகள், செத்தது நீயாக இருந்திருக்கலாம் என்று அம்மா முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறாள். எழுதக் கை நடுங்கும் வசனம் அது. வயசுப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இதைவிடக் கொஞ்சம் குறைவாக, ஏதோ ஒரு நாள் ஏதோ ஒன்று சொல்லப்பட்டிருக்கும். பிறகு மாலிபு கடற்கரையில் நளினி, கமலா, தேவி மூவரும் மோகனின் அஸ்தியைக் கரைக்கிறார்கள். நம் வழக்கத்தில் அஸ்தி கரைக்கக் கடலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இங்கே ஓர் ஆணும் தண்ணீரில் இறங்கவில்லை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று பெண்கள், அலை, அவ்வளவுதான். பெசன்ட் நகர் கடலோரத்தில் தூரத்தில் நின்று பார்த்தே பழகிய பெண்களுக்கு அந்த மௌனத்தின் அளவு தெரியும்.

இரண்டாவது பருவத்தில் அனீசா என்ற புதுப்பெண் வருகிறாள். தேவியின் இடத்தை எல்லாவற்றிலும் பிடித்துவிடுவாள்போலத் தெரிகிறாள். பொறாமையில், அவள் சாப்பிடாமல் உடம்பை இளைக்கவைக்கும் நோய்க்காரி என்று தேவி போகிறபோக்கில் சொல்லிவிடுகிறாள். வதந்தி பரவுகிறது. உண்மையிலேயே அந்த நோயோடு போராடி, பழைய பள்ளியை விட்டு வந்தவள் அனீசா. போனில் ஒரு வரி தட்டினால் வகுப்பு முழுக்கப் போய்ச்சேரும் காலத்தில் வாழும் பிள்ளைகளுக்கு இதைவிடத் தேவையான காட்சி இல்லை. தொடர் தேவியைத் தப்பவிடவில்லை. முழு அவமானத்தையும் அனுபவிக்க வைக்கிறது. அப்புறம் அவள் டாக்டர் ரயனிடம், தனக்குப் புத்தி பேதலித்திருக்கிறதா என்று கேட்கிறாள். நீ எல்லாவற்றையும் ஆழமாக உணர்கிறவள், அதனால் வலியும் அதிகம், வாழ்க்கையும் நிறைவு என்ற பொருளில் பதில் வருகிறது. தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்பதற்காகவே ‘சிநேகா’ அமைப்பு 1986 முதல் இயங்கிவரும் நகரம் சென்னை. ஆனாலும் பிள்ளையை ஆலோசகரிடம் அழைத்துப்போவதை நாம் சொந்தக்காரர்களிடம் மறைக்கிறோம். தேவியின் வீட்டில் அது பல் மருத்துவரிடம் போவதுபோல் நடக்கிறது. அந்தச் சாதாரணத்தன்மையைப் பிள்ளைகள் பார்க்கட்டும்.

கடைசியாகப் பாட்டி. இரண்டாவது பருவத்தில் மோகனின் அம்மா நிர்மலா அந்த வீட்டுக்கு வந்து சேர்கிறாள். நடித்தவர் ரஞ்சிதா சக்ரவர்த்தி. பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா அவள். தொடரின் கடைசிப் பகுதியில் கல்யாணம் நடப்பது தேவிக்கும் இல்லை, கமலாவுக்கும் இல்லை, பாட்டிக்குத்தான். மாப்பிள்ளை லென், ஒரு வெள்ளைக்காரர். பேரப்பிள்ளைகளின் டேட்டிங்கைச் சந்தேகத்தோடு பார்க்கும் ஹாலில், பாட்டிகள்தான் இந்த முடிவை அதிகம் ரசிப்பார்கள் என்று நான் நம்புகிறேன். எனக்கிருக்கும் குறை ஒன்றுதான்: அந்தக் காதலைக் கடைசிப் பருவத்துக்குள் அவசரமாக அடைத்துவிட்டார்கள். பென்னுக்குக் கொடுத்ததுபோல் பாட்டிக்கும் ஒரு முழுப் பகுதி, அவளுக்கென்று தனியாக ஒரு குரல் கொடுத்திருக்க வேண்டும். அந்தக் குரல் தமிழில் பேசியிருக்க வேண்டும்.