பார்மட் அடித்தால் தீருமா?

பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரரும் சரி, பாடத்தைப் பதிவு செய்யும் ஆசிரியரும் சரி, சிஸ்டத்தில் வீடியோ திக்கத் தொடங்கியதும் கேட்கும் முதல் யோசனை இதுதான்: "பார்மட் அடிச்சுப் புதுசா ஓஎஸ் போட்டுடலாம்." 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்ததும் இந்த யோசனைக்கு இன்னும் வலு சேர்த்தது. இந்த வழக்கம் முழுக்கத் தவறல்ல. ஆனால் வீடியோப் பதிவில் வரும் கோளாறுக்கு இதையே முதல் மருந்தாக்குவது பல நேரம் நோயைக் கூட்டிவிடுகிறது.

முதலில் இதன் நன்மைகளை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஓடிய கணினியில் வைரஸ், தானே தொடங்கும் வேண்டாத புரோகிராம்கள், சிதைந்த சிஸ்டம் கோப்புகள், ஒன்றோடொன்று மோதும் பழைய டிரைவர்கள் எல்லாம் கலந்து கிடக்கும். அவற்றை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க நாள்கணக்கில் ஆகலாம். பார்மட் என்றால் அரை நாளில் வேலை முடியும். கூலியையும் முன்கூட்டியே பேசிவிடலாம். அடுத்தடுத்து முகூர்த்தம் வரும் மாதத்தில் ஸ்டுடியோக்காரருக்கு இந்த நிச்சயம் பெரிய விஷயம். கடைக்காரரையும் குறை சொல்ல முடியாது. உட்கார்ந்து கோளாறைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்குக் கூலி கொடுக்கும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஓஎஸ் போட்டதற்கு மட்டுமே கொடுக்கிறோம்.

குறை தெரிவது அதற்குப் பிறகுதான். புதிய ஓஎஸ் போட்ட சிஸ்டம் வேகமாகத் திறக்கும், பிரவுசர் பறக்கும். ரெக்கார்டிங் பொத்தானை அழுத்தினால் மட்டும் முன்பைவிட மோசமாகப் பிரேம் விடும். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. 1920×1080 அளவில் வினாடிக்கு 30 பிரேம் பதிவு செய்தால், ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 33 மில்லி வினாடி. சுருக்காமல் விட்டால் அந்த வீடியோ வினாடிக்கு ஏறத்தாழ 93 மெகாபைட் வரும். அதை 25 மெகாபிட் வேகத்துக்குச் சுருக்கிவிட்டால், டிஸ்க்கில் எழுத வேண்டியது வினாடிக்கு மூன்று மெகாபைட் சொச்சம்தான். நல்ல நிலையில் இருக்கும் சாதாரண ஹார்டு டிஸ்க்குக்கே இது சிறு வேலை. பெரும் பாரம் சுருக்கும் வேலையில்தான் இருக்கிறது.

அந்தப் பாரத்தைச் சுமக்கவே கிராபிக்ஸ் சிப்பில் தனிச் சுற்றுகள் இருக்கின்றன: இன்டெலில் குயிக் சிங்க், என்விடியாவில் என்வென்க். உரிய டிரைவர் இருந்தால்தான் இவை வேலை செய்யும். டிரைவர் இல்லாதபோது விண்டோஸ் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற பொது டிரைவரை வைத்துத் திரையைக் காட்டிவிடும். படம் தெரிவதால் எல்லாம் முடிந்ததென்று சிஸ்டத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். உண்மையில் சுருக்கும் வேலை முழுவதும் பிராசசர் தலையில் விழுந்திருக்கும். 'லைட்' என்ற பெயரில் கைக்குக் கை மாறும், உறுப்புகள் வெட்டப்பட்ட விண்டோஸாக இருந்தால் மீடியா தொடர்பான பகுதிகளே காணாமல் போயிருக்கலாம். பழைய விண்டோஸ் 7க்கே திரும்பலாம் என்றால், பலரும் ரெக்கார்டிங்குக்குப் பயன்படுத்தும் ஓபிஎஸ் மென்பொருள், 2022இல் வந்த 28ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7, 8 இரண்டையும் ஆதரிப்பதில்லை.

பார்மட் தொடவே முடியாத கோளாறும் உண்டு. சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் அரியலூர்ச் சாலையோரக் கடைகளில் தூசிக்குப் பஞ்சமில்லை. விசிறியிலும் ஹீட் சிங்க்கிலும் தூசி அடைத்தால் பிராசசர் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ரெக்கார்டிங் முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, பிறகு திக்கினால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். ஓஎஸ் மாற்றத் தேவையில்லை. தூசி தட்டித் தெர்மல் பேஸ்ட் மாற்றினாலே சரியாகலாம்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, பார்மட் தடயத்தையே அழித்துவிடுவது. ஓபிஎஸ் தன் புள்ளிவிவரப் பலகையில் எத்தனை பிரேம் காட்சியை அமைக்கும்போது தவறியது, எத்தனை சுருக்கும்போது விடுபட்டது என்று பிரித்தே காட்டுகிறது. லாக் கோப்பிலும் எழுதி வைக்கிறது. முதல் வகை என்றால் கிராபிக்ஸ் சிப் திணறுகிறது. இரண்டாம் வகை என்றால் என்கோடர் அமைப்பையும் டிரைவரையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டு எண்களைப் பார்க்காமல் சி டிரைவை அழித்தால் நோய் எது என்பது தெரியாமலே போகும். அதோடு ஓபிஎஸ்ஸில் பார்த்துப் பார்த்து அமைத்த சீன்கள் போகும். டெஸ்க்டாப்பில் விட்டுவைத்த கல்யாண வீடியோவும் போகும். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சன்னிதியில் எடுத்த ஒரு குடும்பத்தின் வேண்டுதலையோ, கங்கைகொண்டசோழபுரத்து ஆடித் திருவாதிரையையோ மறுபடி நடத்திப் பதிவு செய்ய முடியாது.

ஆகவே வரிசையைத் திருப்ப வேண்டும். முதலில் ஐந்து நிமிடம் பதிவு செய்து அந்த இரண்டு எண்களைக் குறித்துக்கொள்வது. பிறகு டிவைஸ் மேனேஜரில் கிராபிக்ஸ் சிப்பின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது, வெப்பத்தைப் பார்ப்பது, லேப்டாப் என்றால் சார்ஜரில் செருகியிருக்கிறதா என்பதையும் பார்ப்பது. இத்தனைக்கும் பிறகு காரணம் மென்பொருள்தான் என்று தெரிந்தால், தாராளமாகப் பார்மட் அடிக்கலாம். அதற்கு முன் டிரைவர்களையும் ஓபிஎஸ் அமைப்புகளையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட வேண்டும். போட்ட அன்றே முடிவு கட்டவும் கூடாது. அப்டேட்டும் தேடல் அட்டவணையும் பின்னணியில் ஓடி முடிய விட்டு, மறுநாள் அதே ஐந்து நிமிடப் பதிவை எடுத்துப் பழைய எண்களோடு ஒப்பிட வேண்டும்.

வாடிக்கையாளருக்கும் இதில் பங்கு உண்டு. "என்ன கோளாறுன்னு பாத்துச் சொல்லுங்க, அதுக்கும் காசு தரேன்" என்று நாம் கேட்கத் தொடங்கினால், கோளாறு பார்க்கத் தெரிந்த கைகளுக்கு நம் ஊரிலேயே மதிப்பு வரும். அப்போது பார்மட்டும் கடைசி மருந்தாக, தனக்குரிய இடத்தில் நிற்கும்.