அழுத பிள்ளைக்குத்தான் பால்

ஐந்தோவனிலும் பக்கத்து ஃபெல்ட்ஹோவனிலும் வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்ப் பொறியாளர் வீடுகளில், கர்ப்பம் உறுதியானதும் முதலில் எழும் கேள்வி ‘எந்த டாக்டரிடம் காட்டுவது?’ என்பதுதான். நெதர்லாந்தில் அதற்குப் பதில், எந்த டாக்டரிடமும் வேண்டாம் என்பது. பிள்ளைப்பேறு இங்கே நோய்க்கணக்கில் சேராது. தெருமுனையில் இருக்கும் மிட்வைஃப் நிலையம் ஒன்றில் பெயரைப் பதிந்துகொண்டால் போதும். இதற்கென்றே நான்கு வருடம் பட்டப்படிப்பு படித்த பெண்கள் அங்கே இருப்பார்கள். சிக்கல் என்று அவர்களுக்குப் பட்டால்தான் மருத்துவமனை, மகப்பேறு மருத்துவர் எல்லாம். சிக்கல் இல்லையென்றால் பத்து மாதமும் ஒரு டாக்டரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் பிள்ளை பெற்று வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

நம்மவர்களுக்கு இது சட்டென்று செரிப்பதில்லை. ஊரில் அக்காவுக்கும் நாத்தனாருக்கும் மாதாமாதம் ஸ்கேன், பை நிறைய மாத்திரை, பெயர் பெற்ற ஒரு டாக்டரம்மா. இங்கோ ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், வயிற்றைக் கையால் தடவிப் பிள்ளை கிடக்கும் விதத்தைக் கணிப்பார்கள், இதயத்துடிப்பைக் கேட்க வைப்பார்கள். ‘எல்லாம் சரியாக இருக்கிறது, போய் வாருங்கள்’ என்று பத்து இருபது நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். ஃபோலிக் அமிலத்தைக் கடையில் நாமே வாங்கிக்கொள்ள வேண்டும். சிக்கலில்லாத கர்ப்பத்துக்கு ஸ்கேன் மூன்று நான்கோடு சரி. அதிலும் இருபதாவது வார ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று அவர்களாகவே கேட்டுச் சொல்வது, 1994ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பழகிய நமக்கு ஏதோ குற்றத்துக்கு உடந்தையாவது போல இருக்கும். லீவில் ஊருக்குப் போகும்போது சென்னையில் தனியாக ஒரு ஸ்கேன் எடுத்து மனத்தைத் தேற்றிக்கொண்டு வருகிற தம்பதியரும் உண்டு.

இந்த ஏற்பாட்டை அலட்சியம் என்று ஒதுக்குவது எளிது, அது நியாயமில்லை. ஆம்ஸ்டர்டாமில் மகப்பேறு மருத்துவப் பேராசிரியராக இருந்த க்ளூஸ்டர்மன், நலமாக இருக்கும் கர்ப்பிணியின் பேற்றில் தேவையில்லாமல் தலையிடக் கூடாது என்பதை ஒரு கொள்கையாகவே வளர்த்தவர். யாரை மிட்வைஃபே பார்க்கலாம், யாரை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று பிரிக்கும் பட்டியல் ஒன்று வெகுகாலம் அவர் பெயராலேயே அறியப்பட்டது. 1960களின் நடுவில் இந்நாட்டுப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வீட்டில்தான் பிறந்தன. இன்று அது ஏழில் ஒன்று என்கிற அளவுக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் தேவையின்றிக் கத்தி எடுக்காத மனப்போக்கு மாறவில்லை. இங்கே சிசேரியன் ஏறத்தாழ ஆறில் ஒன்று. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 44.9 சதவீதம், தனியார் மருத்துவமனைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 63.8. இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு நெதர்லாந்துக்காரர்களுக்குப் பாடம் நடத்த நமக்கு யோக்கியதை இல்லை.

அதற்காக இந்த முறைக்கு நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிடவும் முடியாது. இருபது ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பிய நாடுகளின் சிசு இறப்புக் கணக்கை ஒப்பிட்ட ஆய்வு, பிறப்பையொட்டிய இறப்பில் நெதர்லாந்தை மோசமான வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது. நாடே கலங்கிப்போனது. 2009இல் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பேறுகளை அலசிய ஆய்வு, ஆபத்துக் குறைந்த கர்ப்பிணிகளுக்கு வீடும் மருத்துவமனையும் ஒன்றுதான் என்றது. மறு ஆண்டே உத்ரெக்ட் பகுதியிலிருந்து வந்த ஆய்வு நேர்மாறாகப் பேசியது: மிட்வைஃபின் கவனிப்பில் பிரசவம் தொடங்கிய, ஆபத்துக் குறைந்தவர்கள் எனக் கருதப்பட்ட பெண்களின் குழந்தைகளிடம், மருத்துவர் கவனிப்பில் இருந்த சிக்கல்காரர்களின் குழந்தைகளைவிட இறப்பு அதிகம். சண்டை இன்னும் ஓய்ந்தபாடில்லை. எனக்குத் தோன்றுவது, இடம் வீடா ஆஸ்பத்திரியா என்பதைவிடக் கைமாறும் நேரம்தான் முக்கியம். தலைப்பிரசவக்காரர்களில் பெரும் பங்கினர் வலி கண்ட பிறகு நடுவழியில் மிட்வைஃபிடமிருந்து மருத்துவமனைக்கு மாற்றப்படுகிறார்கள். அவசரமென்றால் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மாற்ற வேண்டும் என்ற முடிவு எப்போது எடுக்கப்படுகிறது, எதை வைத்து எடுக்கப்படுகிறது?

பெரும்பாலும் தொலைபேசியில், குரலை வைத்து. நம் பெண்கள் தோற்கும் இடம் இதுதான். வலி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, நடுவில் பேச முடிகிறதா என்று மிட்வைஃப் கேட்பார். பேசிக்கொண்டிருக்கும்போது வலி வந்தால் காதைத் தீட்டிக்கொண்டு மூச்சைக் கேட்பார். வாய்விட்டுக் கத்துகிற டச்சுப் பெண்ணைக் கணிக்க உருவான அளவுகோல் அது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பதே பெருமை என்று வளர்ந்தவளுக்கு அது பொருந்துவதில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நள்ளிரவு தாண்டி வலி கண்டது. பேசியது கணவன். மனைவி பக்கத்தில் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் நின்றிருக்கிறாள். ‘சமாளிக்கிறாளா?’ என்று கேட்டதற்கு, அலுவலகத்தில் மேலாளரிடம் பேசுகிற அதே பணிவோடு ‘ஆமாம், சமாளிக்கிறாள்’ என்றிருக்கிறான். வெந்நீரில் குளிக்கச் சொல், பாராசிட்டமால் போடு, இரண்டு மணி நேரம் கழித்துக் கூப்பிடு என்று பதில் வந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் அவளே போனைப் பிடுங்கிக் கத்தினாள். கால் மணியில் மிட்வைஃப் வாசலில் நின்றார். வந்து பார்த்தபோது பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

வலி நீக்கமும் அப்படித்தான். முதுகுத்தண்டு ஊசி உண்டு, மருத்துவமனைக்குப் போனால் போடுவார்கள், காப்பீடும் உண்டு. ஆனால் யாரும் தட்டில் வைத்து நீட்ட மாட்டார்கள். வேண்டும் என்றால் முன்கூட்டியே பிரசவத் திட்டம் என்ற தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும், அன்றைக்கும் வாய்திறந்து கேட்க வேண்டும், கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாமே என்றால் முடியாது என்று சொல்லத் தெரிய வேண்டும். பெண்ணின் முடிவுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுக்கும் ஏற்பாடு நம் ஊரில் கிடையாது. ‘என்ன செய்யணுமோ நீங்களே பார்த்துச் செய்ங்க டாக்டர்’ என்று ஒப்படைத்துப் பழகியவளுக்கு அந்த மதிப்பே சுமையாகிவிடுகிறது. இந்த முறையின் பலமும் ஓட்டையும் இரண்டல்ல என்று நான் நினைப்பது இதனால்தான். உன் உடம்பு உனக்குத் தெரியும், நீ சொல் என்கிறது அது. சொல்லாதவளை நலமாக இருப்பவள் என்று எழுதிக்கொள்கிறது.

பிரசவம் ஆனதும் நிலைமை தலைகீழ். சுகப்பிரசவமென்றால் மூன்று நான்கு மணி நேரத்தில் ‘கிளம்பலாமா?’ என்பார்கள். தையல்கூட ஆறாமல் இப்படித் துரத்துகிறார்களே என்று ஊரிலிருந்து போனில் புலம்பல் வரும். ஆனால் வீட்டில் காத்திருப்பது நெதர்லாந்தின் ஆகச் சிறந்த ஏற்பாடு: கிராம்ஸோர்க். பயிற்சி பெற்ற பேறுகாலப் பணிப்பெண் ஒருவர் எட்டுப் பத்து நாள் வீடு தேடி வருவார். குறைந்தது 24 மணி நேரம், வழக்கமாக 49, தேவைப்பட்டால் 80 மணி நேரம் வரை. அடிப்படைக் காப்பீட்டிலேயே அடக்கம். நம் கையிலிருந்து மணிக்கு ஐந்து யூரோவுக்குச் சற்று அதிகம்.

வருவதற்கு முன்பே ஒரு நிபந்தனை உண்டு. தாயின் கட்டில் எண்பது சென்டிமீட்டர் உயரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் வாடகைக்குக் கட்டைகள் வாங்கி முட்டுக் கொடுக்க வேண்டும். தாய்க்காகத்தான் என்று எல்லோரும் நினைப்பார்கள். பணிப்பெண்ணின் முதுகு வலிக்கக் கூடாது என்பதும் சேர்த்துத்தான். பிள்ளை குளிப்பாட்ட வரும் பாட்டியின் முதுகைப் பற்றி நம் வீடுகளில் யாராவது கவலைப்பட்டதுண்டா?

சைக்கிளை வாசலில் பூட்டிவிட்டு உள்ளே வருகிறவர் கையோடு நோட்டை விரிப்பார். குழந்தையின் எடை, உடல்சூடு, எத்தனை டயப்பர் நனைந்தது, தாயின் தையல், கருப்பை எவ்வளவு இறங்கியிருக்கிறது எல்லாம் அதில் ஏறும். மார்பில் பிள்ளையைச் சரியாக வைக்கச் சொல்லித் தருவார். அப்புறம் கழிவறையைக் கழுவுவார். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா தடுமாறிப்போவது இங்கேதான். டாக்டரம்மா போலக் கணக்கெழுதுகிறவளே கக்கூஸும் கழுவுகிறாள். இவளை எந்தத் தட்டில் வைப்பது? காபியை எந்த டம்ளரில் கொடுப்பது? பகல் பன்னிரண்டரைக்கு அந்தப் பெண் தன் ரொட்டியை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடும்போது, நம் வீடுகளில் சொல்லாமல் கடைப்பிடிக்கும் பல வரிசைகள் கலைகின்றன. கிராம்ஸோர்க் நமக்குச் செய்யும் உபகாரங்களில் இதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

மோதலுக்கும் குறைவில்லை. குழந்தைக்கு மூக்கில் எண்ணெய் விடுவதும், தேனில் தொட்டுச் சேனை வைப்பதும் கூடாது என்று பணிப்பெண் கறாராகச் சொல்லிவிடுவார், அது சரியும்கூட. சாம்பிராணி போட்டால் ஜன்னலைத் திறந்துவிடுவார். பதினெட்டு டிகிரி அறையில் பிள்ளையைத் தொப்பியில்லாமல் மல்லாக்கப் படுக்கவைத்தால் அம்மாவுக்கு நெஞ்சு பதறும். ‘பிடரியில் கைவைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் போதும்’ என்று அவர் கையைப் பிடித்து வைத்துக் காட்டுவார். அம்மாவின் பக்கமும் நியாயம் உண்டு. பெற்ற உடம்புக்குச் சூடான பத்தியச் சோறு வேண்டும், பூண்டுக் குழம்பு வேண்டும், நாற்பது நாளாவது கிடக்க வேண்டும் என்பவர் அவர். பத்தாம் நாள் தள்ளுவண்டியோடு சூப்பர்மார்க்கெட்டில் நிற்கும் டச்சுத் தாயைப் பார்த்துப் பொறாமைப்பட நான் தயாரில்லை. ஒரே ஒரு இடத்தில் இரண்டு பேரும் ஒத்துப்போவார்கள். பிள்ளை பிறந்த வீட்டில் ரஸ்க்கின் மேல் வெண்ணெய் தடவி, சர்க்கரைப் பாகு பூசிய சோம்பைத் தூவிக் கொடுப்பது இங்கத்திய வழக்கம். சோம்பு பால் சுரக்க வைக்கும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருக்கிறது. அதைக் கேட்டதும் அம்மா ‘அதானே!’ என்பார்.

கணவனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் நம் ஆண்களைப் பிரசவத்திலிருந்தே விடுவித்து வைத்திருக்கிறது. ஃபோன் வந்தால் மிட்டாய் வாங்கினால் போதும். இங்கே தொப்புள்கொடியை வெட்டும் கத்தரி அவன் கையில் வருகிறது. மூன்று நாளுக்குள் நகராட்சியில் பிறப்பைப் பதிவதும் பெரும்பாலும் அவன் வேலை. டயப்பர் மாற்றுவதைப் பணிப்பெண் அவனுக்குத்தான் முதலில் சொல்லித் தருவார். ‘மாப்பிள்ளை, நீங்க ஏன் இதெல்லாம்? நான் பார்த்துக்கிறேன், விடுங்க’ என்று மாமியார் குறுக்கே வந்தால், அவனும் நிம்மதியாக லேப்டாப்புக்குத் திரும்பிவிடுவான். சட்டம் அவனுக்கு ஒரு வாரம் முழுச் சம்பளத்தோடும், 2020 ஜூலையிலிருந்து மேலும் ஐந்து வாரம் 70 சதவீதத்தோடும் விடுப்புத் தருகிறது. அந்த 70 சதவீதத்துக்கு உச்சவரம்பு உண்டு என்பதால் பெரிய சம்பளக்காரர்களுக்கு இழப்பு அதிகம். அதைச் சாக்காக வைத்து அந்த ஐந்து வாரத்தைத் தொடாதவர்களை எனக்குத் தெரியும். அம்மா வந்திருக்கிறாரே, எதற்கு வீணாக என்பார்கள்.

அம்மா எத்தனை நாள் இருப்பார்? விசா 180 நாளில் 90 நாள்தான். பிரசவத்துக்கு இரண்டு வாரம் முன்பு வந்திறங்கினால் பிள்ளைக்கு இரண்டரை மாதம் ஆகும்போது விமானம் ஏற வேண்டும். பதினாறு வார மகப்பேறு விடுப்பும் ஏறக்குறைய அந்த நாட்களில்தான் முடியும். காப்பகத்தில் இடம் வேண்டுமென்றால் கர்ப்பமாக இருக்கும்போதே வரிசையில் பெயர் கொடுத்திருக்க வேண்டும். எல்லாக் கைகளும் ஒரே வாரத்தில் விலகும் அந்தக் கட்டத்துக்குத்தான் அப்பனின் ஐந்து வாரத்தைப் பத்திரப்படுத்த வேண்டும். பிறந்து ஆறு மாதத்துக்குள் எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டமே இடம் தருகிறது.

இதற்கிடையே கிராம்ஸோர்க்குக்கே ஆள் பற்றாக்குறை. பதிவு செய்தவர்களுக்கும் எதிர்பார்த்த மணிக்கணக்குக் கிடைக்காத பகுதிகள் பெருகிவருகின்றன. வெளிநாட்டுப் பின்னணி கொண்ட தாய்மார்கள் டச்சுத் தாய்மார்களைவிடக் குறைந்த மணி நேரமே பெறுகிறார்கள் என்பது ஆய்வுகளில் பதிவானதுதான். சிலர் ஏற்பாடு தெரியாமல் தாமதமாகப் பதிகிறார்கள், சிலர் காசு பார்க்கிறார்கள், சிலருக்கு அந்நியர் ஒருவர் வீட்டுக்குள் வளையவருவது பிடிப்பதில்லை. கர்ப்பத்தின்போது மணிக்கணக்கை முடிவுசெய்ய ஒருவர் வீட்டுக்கு வந்தோ போனிலோ பேசுவார். ‘உதவிக்கு யாராவது இருக்கிறார்களா?’ என்பது அவர் கேட்கும் கேள்விகளில் ஒன்று. ‘ஊரிலிருந்து அம்மா வருகிறார்’ என்று நம்மவர்கள் பெருமையோடு சொல்வார்கள். எதிர்முனையில் 49 இருந்த இடத்தில் 24 என்று எழுதப்பட வாய்ப்பிருக்கிறது. அம்மா சமைப்பார், குழந்தையின் எடை எத்தனை கிராம் இறங்கியிருக்கிறது, எந்த மஞ்சள் நிறத்துக்கு மிட்வைஃபைக் கூப்பிட வேண்டும் என்பதை நோட்டில் எழுத வேறு ஆள் வேண்டும் என்று அந்தப் பேச்சிலேயே சொல்லி முழு மணிக்கணக்கையும் கேட்டு வாங்க வேண்டும்.